மதுரையில் பூங்காவுக்கு இடம் தேடினால் வரைபடம் கண்மாயைக் காட்டுகிறது: எதை மாற்றுவது?

வைகைவடகரை:

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்குள் (சுமார் 148 சதுர கி.மீ.) புதிய பூங்கா, சிறு தோப்பு அமைக்கத் தோதான இடங்களை க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) வைத்துத் தேடுகிறோம். ஆறு லேயர் (தரவு அடுக்கு): மே மாத சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலிருந்து என்டிவிஐ (பசுமை அளவு), லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் தரை வெப்பநிலை, வார்டுவாரி மக்கள் அடர்த்தி, சாலையிலிருந்து தூரம், நீர்நிலையிலிருந்து தூரம், எஸ்ஆர்டிஎம் உயரத் தரவிலிருந்து சரிவு. எல்லாவற்றையும் 10 மீட்டர் பிக்சலாக்கி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, ஏஎச்பி முறையில் (லேயர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு முக்கியத்துவம் கணிப்பது) வெயிட்டேஜ் கொடுத்துக் கூட்டியாயிற்று. அந்த ஒப்பீடுகளில் உள்ள முரணைக் காட்டும் சிஆர் 0.06 வருகிறது.

முடிவுதான் நம்பும்படி இல்லை. அதிக மதிப்பெண் வாங்கியவை வண்டியூர், மாடக்குளம் கண்மாய்களின் காய்ந்த தரையும், அவனியாபுரத்துக்குத் தெற்கே கிடக்கும் தரிசு வயல்களும். மாசி வீதிகள், செல்லூர், ஆரப்பாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரு இடம்கூடத் தேறவில்லை. வெயிட்டேஜை மாற்றினாலும் வரிசை பெரிதாக நகரவில்லை.

லேயரில் பிசகா, முறையிலேயே பிசகா? குறைந்தபட்ச இடப்பரப்பு எவ்வளவு வைக்கலாம்? மக்கள் பூங்காவை எட்டும் தூரத்தை எப்படிக் கணக்கிடுவது?

---

ராஸ்டர்வாசி:

வெயிட்டேஜை மாற்றி இது சரியாகாது. மே மாதக் கண்மாய்த் தரையை உங்கள் லேயர்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். நீர் வற்றியதால் என்டிவிஐ குறைவு, எனவே "பசுமை தேவை". வெறும் மண் என்பதால் வெப்பநிலை அதிகம், எனவே மறுபடியும் "பசுமை தேவை". நீர்நிலைக்குப் பக்கம், எனவே அதற்கும் முழு மதிப்பெண். தரை சமம், எனவே சரிவிலும் முழு மதிப்பெண். ஆறில் நான்கு லேயர் கண்மாய்க்கே ஓட்டுப் போட்டால் வேறு எந்த இடம் மேலே வரும்?

என்டிவிஐ: ஒற்றைத் தேதிப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்த ஜனவரி–பிப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று, இப்படி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எடுத்து இடைநிலை மதிப்பு பாருங்கள். ஜனவரியில் தண்ணீராகவோ பச்சையாகவோ இருந்து மே மாதத்தில் மண்ணாவது கண்மாய் அல்லது வயல். இரண்டு பருவத்திலும் மண்ணாகவே கிடப்பதுதான் உண்மையான வெற்றிடம்.

இதற்கு நேர் எதிரான ஒரு பொறியும் உண்டு. சீமைக்கருவேலம் மே மாதத்திலும் பச்சையாக நிற்கும். பல ஆண்டுகளாக யாரும் தொடாத புறம்போக்கில் முதலில் வளர்வது அதுதான். உங்கள் கணக்கில் அந்த இடங்கள் "ஏற்கெனவே பசுமை" என்று கழிந்து போயிருக்கும். மே மாத என்டிவிஐ 0.4-க்கு மேல் உள்ள, தோட்டமோ பூங்காவோ அல்லாத துண்டுகளைத் தனியே பிரித்து, உயர் துல்லியப் படத்தில் கண்ணால் பாருங்கள். தென்னந்தோப்பும் இதே மதிப்பைக் காட்டும் என்பதால் தானியங்கியாக விட முடியாது. பார்த்த பின் மிஞ்சும் கருவேலக் காடுகளில் பாதிக்கு மேல் நல்ல வேட்பாளர்களாக இருக்கும் என்பது என் கணிப்பு.

சென்டினல் படங்களைக் கலக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு பேண்டின் (ஒளி அலைப்பட்டையின்) மதிப்பிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் என்டிவிஐ போட்டால் மதிப்பு குறையும். உதாரணமாக அகச்சிவப்பு 3500, சிவப்பு 1800 என்றால் அப்படியே போட்டால் 0.32, கழித்துப் போட்டால் 0.52. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு "பசுமை அழிந்துவிட்டது" என்று வரும் பல வரைபடங்களுக்கு இதுதான் காரணம். கூகுள் எர்த் எஞ்சினில் எடுப்பதானால் "ஹார்மனைஸ்டு" தொகுப்பை எடுங்கள், அதில் இது சரிசெய்யப்பட்டிருக்கும்.

வெப்பநிலை: லேண்ட்சாட்டின் வெப்ப பேண்ட் உண்மையில் 100 மீட்டர் துல்லியம். 30 மீட்டராகக் கிடைப்பது மறுமாதிரி எடுத்தது. நீங்கள் அதை 10 ஆக்கியதால் தகவல் எதுவும் கூடவில்லை. அரை ஏக்கர் மனையின் வெப்பம் என்று அதில் ஒன்றும் கிடையாது. செயற்கைக்கோள் கடப்பதும் காலை பத்தரை மணியை ஒட்டித்தான். அந்த நேரத்தில் ஈரமில்லாத வெறும் மண், ஒன்றுக்கொன்று நிழல் தரும் நெருக்கமான தெருக்களைவிடச் சூடாக இருக்கும். கான்கிரீட் தன் சூட்டை இரவில்தான் கக்குகிறது. அதனால்தான் உங்கள் வரைபடம் ஊருக்கு வெளியே ஓடுகிறது. இரவு நேரத்துக்கு ஈகோஸ்ட்ரெஸ் தரவு இருக்கிறது, சுமார் 70 மீட்டர் துல்லியம். கோடைகால இரவுக் காட்சிகளை மேகம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதை எடுத்தாலும் மனையின் வெப்பம் நமக்கு வேண்டாம். மனையைச் சுற்றி மக்கள் வாழும் இடத்தின் வெப்பம்தான் வேண்டும். ஒவ்வொரு மனையைச் சுற்றியும் 300 மீட்டர் பஃபர் (சுற்று வளையம்) போட்டு, அதற்குள் கட்டடம் இருக்கும் பிக்சல்களின் சராசரியை மட்டும் எடுங்கள்.

சரிவு லேயரைத் தூக்கிவிடுங்கள். திருப்பரங்குன்றம், பசுமலை போன்ற குன்றுகளைத் தவிர்த்தால் ஊர் சமதளம். எஸ்ஆர்டிஎம் உயரத்தில் உள்ள பிழை அங்கிருக்கும் நிஜச் சரிவைவிடப் பெரியது. கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு மேல். ஆனால் அது மேற்பரப்பு மாதிரி, கட்டட மாடியையும் மரத்தலையையும் சேர்த்தே அளக்கும். அதில் கிடைக்கும் "சரிவு" பெரும்பாலும் கட்டட விளிம்பு.

---

புலப்படம்:

மேலே சொன்னவை தரவுப் பிழைகள். அவற்றைத் திருத்தினாலும் வரிசைமுறை தவறாகவே இருக்கும். மதிப்பெண் போடுவது கடைசி வேலை. முதலில் சட்டப்படியும் உரிமைப்படியும் எவை ஆகாதவை என்று வெட்டி எறியுங்கள். ஏஎச்பி-யில் ஒரு லேயர் பூஜ்யம் வாங்கினாலும் மற்ற ஐந்தும் சேர்ந்து அந்த இடத்தைத் தூக்கிவிடும். கண்மாய்க்குள் பூங்கா என்பது குறைந்த மதிப்பெண்ணுக்குரிய விஷயமல்ல, பட்டியலிலேயே வரக்கூடாதது.

கண்மாயின் நீர்பரவும் பகுதியில் ஒரு ஹெக்டேரை ஒரு மீட்டர் உயரத்துக்கு மேடாக்கினால் 1 கோடி லிட்டர் கொள்ளளவு போகிறது. அந்தத் தண்ணீர் அடுத்த மழையில் பக்கத்துக் குடியிருப்புக்குள் நிற்கும். பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்கு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. கரையின் வெளிப்புறத்தில் நடைபாதை, மர வரிசை என்பது வேறு. அதைத் தனி வகையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மடை, கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்), கரையடி ஆகியவற்றை அடைக்கக் கூடாது, மண்கரையின் மேல் பெருவேர் மரம் வைக்கக் கூடாது.

நீர்நிலை எல்லைக்குச் செயற்கைக்கோளை மட்டும் நம்ப வேண்டாம். ஜேஆர்சி உலக நீர்ப்பரப்புத் தரவு 1984 முதலான லேண்ட்சாட் படங்களிலிருந்து அதிகபட்ச நீர்ப்பரப்பைத் தருகிறது. வடிகட்டத் தொடங்க அது நல்லது. ஆனால் ஆகாயத்தாமரை மூடிய கண்மாயும், 30 மீட்டருக்குக் குறைவான வரத்து வாய்க்காலும் அதில் தெரியாது. எனவே கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் வேண்டும். புல எண்ணுக்கு நேரே கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால், மயானம், வண்டிப்பாதை, மேய்க்கால், நத்தம், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று வகை எழுதியிருக்கும். உங்களுக்கு வேலைக்கு ஆகக்கூடியவை பெரும்பாலும் கடைசி இரண்டும், மாநகராட்சியின் சொந்த இடங்களும்தான். பழைய நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு. 2011-இல் இணைந்த அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிப் பகுதிகளிலும் ஹார்விபட்டி, திருநகர், விளாங்குடி பேரூராட்சிப் பகுதிகளிலும் கிராமப் புல எண் முறையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கும்போது எண் மோதும். "வார்டு–பிளாக்–எண்" அல்லது "கிராமம்–புலம்–உட்பிரிவு" என்று முழு அடையாளம் வையுங்கள். கோயில் நிலங்களுக்கும் தனி நிறம் கொடுங்கள். மதுரையில் காலியாகத் தெரியும் பல மனைகள் அறநிலையத் துறை சார்ந்தவை. அவை மாநகராட்சியின் கையில் இல்லை.

ஸ்கேன் செய்த புலப்படத்தை (ஒரு புலத்தின் நில அளவை வரைபடம்) நிஜ இடத்தோடு பொருத்தும்போது பயன்படுத்தக்கூடாத முறை தின் பிளேட் ஸ்ப்லைன். கட்டுப்பாட்டுப் புள்ளியில் (நிஜ இடம் தெரிந்த புள்ளி) பிழை பூஜ்யம் என்று காட்டிவிட்டு நடுவில் மனையை வளைத்துவிடும். தனிப் புலப்படத்துக்கு ஹெல்மெர்ட்: அது திருப்பும், அளவை மாற்றும், வடிவத்தைத் தொடாது. முழுக் கிராம வரைபடத்துக்கு முதல்படிப் பாலினாமியல், நாலு மூலையிலும் நடுவிலுமாகக் குறைந்தது 6 புள்ளிகள். கிராம எல்லைக் கற்கள், பழைய சாலைச் சந்திப்பு, கோயில் மதில் மூலை ஆகியவை நம்பத்தக்கவை. வாய்க்கால் வளைவும் வேலியும் நகர்ந்திருக்கும். பழைய புலப்படங்களில் நீளம் லிங்க்ஸ் அளவில் இருக்கும்: 100 லிங்க்ஸ் 66 அடி, அதாவது ஒரு லிங்க் 20.1168 செ.மீ. மீட்டர் என்று எண்ணிப் பொருத்தினால் மனையின் நீளமும் அகலமும் ஐந்து மடங்கு பெருத்துவிடும்.

புரொஜெக்‌ஷன் பற்றியும் ஒரு வரி. மதுரை நகரம் 78.1 பாகைக் கிழக்கில் இருப்பதால் யூடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32644. திருமங்கலம், உசிலம்பட்டி 78-க்கு மேற்கே, 43-ஆம் மண்டலத்தில் விழும். மாவட்டத் தரவு இரண்டு மண்டலத்திலும் வரலாம், சேர்க்குமுன் பாருங்கள். மண்டல விளிம்பில் இருப்பதால் பரப்பு 0.17 சதவீதம் கூடுதலாகக் காட்டும்: ஹெக்டேருக்கு 17 சதுர மீட்டர். இடத்தேர்வுக்கு அது பொருட்டில்லை.

இத்தனை வேலைக்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்களில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனைகளை வரைபடத்தில் ஏற்றுங்கள். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை நீங்கலாக 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும். 2 ஹெக்டேர் நிலத்தில் சாலை 5000 சதுர மீட்டர் போனால் மீதி 15,000. அதில் 1500 சதுர மீட்டர் பூங்கா. அதைத் தானப் பத்திரம் வழியே உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 3000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்ட மனைகளுக்கு இடத்துக்குப் பதில் பணம் கட்டும் வழி உண்டு. அதற்கு மேலே இடமேதான். திட்டக் குழும அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் அந்த லேஅவுட் வரைபடங்கள் காகிதமாக இருக்கும். ஸ்கேன் செய்து பொருத்தி, பூங்கா மனையை மட்டும் வரைந்து, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, அங்கே இன்று என்ன இருக்கிறது என்று இரண்டு கலம் நிரப்புங்கள். செயற்கைக்கோள் தேடித் தருவதைவிட உறுதியான பட்டியல் இதுதான். நிலம் எடுக்கும் பிரச்சினையே இல்லை, மீட்பதும் வேலி போடுவதும்தான் மிச்சம்.

---

தெருக்கணக்கு:

குறைந்தபட்சப் பரப்பும், எட்டும் தூரமும்.

சென்டினலின் ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர். ஐந்து பிக்சலுக்குக் குறைந்த துண்டு பெரும்பாலும் கலப்புப் பிக்சலின் மாயம். எனவே படத்திலிருந்து எடுப்பதற்கு 500 சதுர மீட்டர் அடிக்கோடு. புலப்படத்திலிருந்து வரும் மனைக்கு 200 வரை இறங்கலாம். பரப்பு மட்டும் போதாது. சாலையோரமாக 4 மீட்டர் அகலத்தில் 300 மீட்டர் நீளும் பட்டையும் 1200 சதுர மீட்டர் காட்டும். பாலிகனை (மனையின் எல்லை வடிவத்தை) 7.5 மீட்டர் உள்நோக்கி பஃபர் செய்து, மறுபடி 7.5 வெளியே பஃபர் செய்தால் 15 மீட்டருக்குக் குறைந்த அகலம் உதிர்ந்துவிடும். உதிர்ந்தவற்றை எறிந்துவிடாமல் "மரவரிசைக்கு" என்று தனி லேயரில் வையுங்கள்.

எட்டும் தூரத்துக்கு நேர்க்கோட்டு பஃபர் வேண்டவே வேண்டாம். வைகைக்கு வடகரையில் பூங்கா இருந்தால் தென்கரைக்காரருக்கும் 300 மீட்டர் என்று காட்டும்; பாலம் சுற்றி வர ஒரு கிலோமீட்டர் ஆகலாம். ரயில் பாதையும் அப்படித்தான். க்யூஜிஐஎஸ்-இன் நெட்வொர்க் அனாலிசிஸில் "சர்வீஸ் ஏரியா" (சாலை வழியே எட்டும் பகுதி) எடுத்து, ஷார்ட்டஸ்ட், 300 மீட்டர் கொடுங்கள். தொடக்கப் புள்ளி பூங்காவின் நடுப்புள்ளி அல்ல, வாசல்.

இங்கே வழக்கமாக உடைவது சாலை லேயர். க்யூஜிஐஎஸ் பொது முனைப்புள்ளி இருந்தால்தான் இரண்டு கோடுகளை இணைக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சந்திப்புகளுக்கு அது இருக்கும், சந்துகள்தான் விடுபட்டிருக்கும். அலுவலகங்களில் கையால் வரைந்த சாலை லேயரில் கோடுகள் குறுக்கே வெட்டும், முனை இருக்காது. முடிவு ஒரே தெருவோடு நின்றுவிடும். "ஸ்ப்ளிட் வித் லைன்ஸ்" ஓட்டினால் இணையும். ஆனால் மேம்பாலமும் கீழ்ச்சாலையும் சேர்ந்தே இணைந்துவிடும், அவற்றை முன்பே தனியே எடுத்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் இடைவெளிகளுக்கு டோபாலஜி டாலரன்ஸ் (இணைந்ததாகவே எடுத்துக்கொள்ளும் இடைவெளி) 1 மீட்டர் போதும். கிடைத்த கோடுகளைக் கான்வெக்ஸ் ஹல் (எல்லாவற்றையும் சுற்றி வளைக்கும் வெளிவடிவம்) ஆக்கினால் மறுபடி ஆற்றைத் தாண்டும். கோடுகளுக்கு 30 மீட்டர் பஃபர் போட்டு, டிஸ்ஸால்வ் செய்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள்.

மக்கள்தொகை: 2011 கணக்கெடுப்பின் வார்டும் இன்றைய 100 வார்டும் ஒன்றல்ல. பழைய மாநகராட்சிக்கு 72 வார்டு, சுற்றியிருந்த ஊர்களுக்குத் தனித்தனி. பழைய வார்டு எல்லையிலேயே எண்ணிக்கையை வைத்து, அதைக் கட்டடங்களுக்குப் பங்கிடுங்கள். கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் கட்டட வரைவுகளை எடுத்து, பரப்பை மாடி எண்ணிக்கையால் பெருக்கி, கிடங்கு, மண்டபம், கல்லூரி போன்றவற்றை நீக்கி, அந்த விகிதத்தில் பிரியுங்கள். வார்டு சராசரி அடர்த்தியை அப்படியே பிக்சலில் பூசினால் கண்மாய்த் தரையிலும் ஆள் குடியிருப்பதாகக் கணக்கு வரும்.

பிறகு தேவைக் கணக்கு எளிது: ஒரு மனையைப் பூங்காவாக்கினால், இப்போது 300 மீட்டர் நடையில் பூங்கா இல்லாத எத்தனை பேர் புதிதாக எட்டுவார்கள்? இந்த ஒரே எண்ணை வைத்து வரிசைப்படுத்தினாலே உங்கள் ஆறு லேயர் முடிவைவிட நன்றாக இருக்கும். முதல் மனையைத் தேர்ந்ததும் அதன் பயனாளிகளைக் கழித்துவிட்டு அடுத்ததைக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலின் முதல் பத்தும் ஒரே தெருவைச் சுற்றி வரும்.

தலைக்கு 10–12 சதுர மீட்டர் என்ற மத்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டி அளவை இலக்காக வைக்க வேண்டாம். 15,000 பேர் வாழும் வார்டுக்கு 15 ஹெக்டேர் வேண்டும், எங்கும் கிடைக்காது. எட்டும் தூரத்தை இலக்காக வைத்தால் 2000 சதுர மீட்டர் மனைக்கும் அர்த்தம் இருக்கிறது.

---

வைகைவடகரை:

மிக்க நன்றி. கண்மாய் ஏன் மேலே வந்தது என்பது தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம் மட்டும். வெளி வீதிகளுக்குள் இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு ஒரு மனையும் மிஞ்சாது என்று நினைக்கிறேன். அங்கே என்ன செய்வது? ஏஎச்பி-யை அப்போது விட்டுவிடலாமா?

---

தெருக்கணக்கு:

வெளி வீதிகளுக்குள் மனை தேடுவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பொதுக்கையில் இருக்கும் திறந்தவெளியைத் தேடுங்கள்: மாநகராட்சிப் பள்ளி விளையாட்டுத் திடல், அலுவலக வளாகம், தெப்பக்குளக் கரை. பள்ளித் திடலை மாலையிலும் விடுமுறையிலும் திறந்தால் எத்தனை பேர் எட்டுவார்கள் என்று அதே சர்வீஸ் ஏரியாவை ஓட்டிப் பாருங்கள். வாசல் எந்தத் தெருவில் என்பதே முடிவை மாற்றிவிடும்; பின்பக்கம் ஒரு வாசல் திறந்தால் கூடுதலாக எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மற்றது தெருமரம். நடுத்தர மரத்துக்கு 6–8 மீட்டர் இடைவெளி, மீட்டர் நீள அகல ஆழக் குழி. புங்கம், மகிழம், பூவரசு பொருந்தும். மின்கம்பி, பாதாளச் சாக்கடை மேன்ஹோல், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைப் புள்ளியாக ஏற்றி, அவற்றைச் சுற்றி விலக்கு வையுங்கள். மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடும். அந்த நான்கு வீதிகளிலும் தேரின் அகலத்துக்கும் உயரத்துக்கும் கிளை நீளக்கூடாது என்பதால் தனி விலக்குப் பட்டை வேண்டும். இதை விட்டுவிட்டு வரைந்த திட்டம் முதல் கூட்டத்திலேயே நின்றுபோகும்.

---

ராஸ்டர்வாசி:

ஏஎச்பி-யை விட வேண்டியதில்லை, இடம் மாற்றுங்கள். வடிகட்டிய பின் மிஞ்சும் மனைகளுக்கு, மனை ஒன்றுக்கு ஒரு மதிப்பு என்று ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்து மதிப்பெண் போடுங்கள். பிக்சலுக்கு வேண்டாம். என்டிவிஐ-யும் வெப்பநிலையும் பெரும்பாலும் ஒன்றின் நிழல் மற்றொன்று. இரண்டையும் வைத்தால் ஒரே காரணத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சிஆர் 0.10-க்குக் கீழே இருப்பது ஒப்பீட்டில் முரண் இல்லை என்பதை மட்டும் சொல்லும், வெயிட்டேஜ் சரி என்று சொல்லாது. ஒவ்வொரு வெயிட்டேஜையும் 20 சதவீதம் மேலும் கீழும் தற்செயலாக ஆட்டி 500 முறை ஓட்டுங்கள், பைத்தானில் இருபது வரி வேலை. எத்தனை முறை முதல் 20-க்குள் வந்தது என்ற எண்ணை மனைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

---

புலப்படம்:

களத்துக்குப் போகும்போது வரைபடத்தைக் க்யூஃபீல்டு செயலியில் ஏற்றிப் போங்கள். படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: இன்றைய பயன்பாடு, குப்பை அல்லது கட்டட இடிபாட்டின் ஆழம், வாசல் அமையும் சாலையின் அகலம், மேலே செல்லும் மின்பாதை, தண்ணீர். 110 கிலோவோல்ட் பாதைக்குக் கீழே 22 மீட்டர் அகலத்துக்கு உயர மரம் வைக்க முடியாது, புதர்தான். இடிபாடு கொட்டிய மனையில் அரை மீட்டர் தோண்டிப் பார்க்காமல் மரத் திட்டம் போடாதீர்கள்.

தண்ணீரைக் கடைசியில் யோசிக்கும் பழக்கம்தான் பல பூங்காக்களைக் காயவைக்கிறது. 5000 சதுர மீட்டரைப் புல்தரையாக்கினால், நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தாலும் 25,000 லிட்டர்: 12,000 லிட்டர் லாரி இரண்டுக்கும் மேல். ஆழ்துளைக் கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தப் புல் நிற்காது. எனவே நீர் ஆதாரம் இல்லாத மனைக்கு வேம்பு, புங்கம், புளி என்று மரத்தோப்பு. ஆதாரம் உள்ள மனைக்கு மட்டும் புல். இந்த வகைப்பாட்டையும் பட்டியலில் எழுதுங்கள்.

ஆணையருக்குப் போகும் பட்டியலில் மனைக்கு ஒரு வரி: வார்டு, புல எண், உட்பிரிவு, பதிவேட்டின்படி வகை, பதிவேட்டுப் பரப்பு, வரைபடத்தில் அளந்த பரப்பு, புதிதாக எட்டும் மக்கள், நீர் ஆதாரம். இரண்டு பரப்பும் 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் சர்வேயர் அளந்து கொடுக்கும் வரை அந்த வரியை நிறுத்தி வையுங்கள்.